குருதிக் குறியும் மருத்துவ அறமும்: தண்டுவட மரப்பு நோய்ச் சிகிச்சையில் முன்கணிப்பு – ஓர் அளவையியல் நோக்கு

முன்னுரை

ஒருவரது குருதியில் காணப்படும் ஓர் அடையாளத்தைக் கொண்டு, அவருக்கு இன்ன மருந்து பயன்படும், இன்ன மருந்து பயன்படாது என முன்கூட்டியே உரைக்க முடியுமா? முடியுமெனில், அவ்வுரையை நம்பி ஒரு மருந்தைக் கொடுப்பதும் மறுப்பதும் எந்த அளவிற்கு அறமாகும்? முதல் வினா மருத்துவ அறிவியலுக்கு உரியது. இரண்டாவது வினா அறவியலுக்கு உரியது. எனினும், முதல் வினாவிற்குக் கிடைக்கும் விடை எத்தகைய அறிவு, காட்சியா கருதலா, உறுதியா ஊகமா என்பதைத் தெளிந்துகொள்ளாமல் இரண்டாவது வினாவை அணுக இயலாது. அறிவின் வகைகளையும் அதன் பிழைகளையும் ஆராய்வது அளவையியல். எனவே அறிவியலுக்கும் அறவியலுக்கும் இடையில் நிற்கும் இச்சிக்கல் அளவையியலின் துணையை வேண்டி நிற்கின்றது.

தமிழில் அளவையியலை விரிவாகப் பேசும் பழைய நூல்களுள் மணிமேகலை முதன்மையானது. வஞ்சி நகரில் அளவைவாதி உரைப்பனவும், காஞ்சியில் அறவண அடிகள் உரைப்பனவும் சமய வாதங்களுக்காகக் கூறப்பட்டவையே. ஆயினும், குறியைக் கண்டு குறிக்கப்படும் பொருளை உணரும் முயற்சி எங்கெல்லாம் நிகழ்கின்றதோ, அங்கெல்லாம் அவ்வாய்வு பொருந்தும். தண்டுவட மரப்பு நோய்ச் சிகிச்சையில் குருதிக் குறிகளைப் பயன்படுத்தும் முயற்சியை எடுத்துக்கொண்டு, அதன் அறச்சிக்கலை அவ்வளவையியலின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் மருந்தும்

மருத்துவர்கள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என வழங்கும் இந்நோயைப் பாரிசு நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டின் ஷார்கோ 1868இல் தனி நோயாக வரையறுத்து விளக்கினார். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்கிச் சிதைப்பது இந்நோயின் இயல்பு. காவலன் தன் வீட்டாரையே பகைவரென மயங்கித் தாக்குவதை ஒப்பது இது. பலருக்கு இந்நோய் தாக்குவதும் தணிவதுமாகத் தொடங்குகின்றது. சிலநாள் பார்வை மங்கும், பின் தெளியும். சிலநாள் கால் மரக்கும். பின் உணர்வு திரும்பும். காலப்போக்கில் நரம்பிழையே சிதையுமாயின் இழந்த ஆற்றல் முழுமையாக மீள்வதில்லை. பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதிற்குள், ஆண்களைவிடப் பெண்களிடையே மிகுதியாக இது தோன்றுகின்றது. உலக அளவில் 28 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக 2020இல் வெளியான பன்னாட்டு நோய் வரைபடம் மதிப்பிட்டது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது.

நோயின் போக்கையே மாற்றவல்ல முதல் மருந்தாக இன்டர்ஃபெரான் பீட்டா 1993இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன்பின் பல மருந்துகள் வந்துள்ளன. அவை ஒவ்வொன்றும் எதிர்ப்பாற்றலின் வெவ்வேறு பகுதியை அடக்குகின்றன. ஆற்றல் மிக்க மருந்துகளுக்குத் தீங்கும் மிகுதி, செலவும் மிகுதி. ஒரு மருந்தைத் தொடங்கி, ஓராண்டோ ஈராண்டோ காத்திருந்து, பயனில்லையெனக் கண்டு மற்றொன்றிற்கு மாறுவதே நெடுங்காலம் நடைமுறையாக இருந்தது. அக்காத்திருப்பின் இடையே நோயாளி இழக்கும் நரம்பிழைகள் திரும்பப் பெற இயலாதவை. குருதிக் குறிகளைத் தேடும் முயற்சி இத்துன்பத்திலிருந்தே பிறந்தது என்பதை முதற்கண் மனங்கொள்ள வேண்டும். அதனைப் பழிப்பது எளிது. ஆனால் குறியின்றிக் காத்திருத்தலும் குற்றமற்றது அன்று.

'பயன்பட்டது' என்னும் சொல்லின் பொருள்

'இம்மருந்து இவருக்குப் பயன்பட்டது' என்னும் தொடர் காட்சியால் பெற்ற அறிவைப் போலத் தோன்றும். உண்மையில் அது கருதலால் பெற்ற அறிவே ஆகும். இன்டர்ஃபெரான் பீட்டாவின் 1993ஆம் ஆண்டு ஆய்வில், மருந்தற்ற ஊசி பெற்றோர்க்கு ஓராண்டில் சராசரியாக 1.27 முறையும், முழு அளவு மருந்து பெற்றோர்க்கு 0.84 முறையும் நோய் மீண்டும் தாக்கியது. அஃதாவது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இது இரு குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு. தனியொருவரை நோக்கின் நிலைமை வேறாகின்றது. மருந்தற்ற ஊசி பெற்றவருள்ளும் தாக்குதல் இன்றி இருந்தோர் உண்டு. மருந்து பெற்றவருள்ளும் தாக்குதலுக்கு உள்ளானோர் உண்டு. மருந்து பெற்று, தாக்குதலும் இன்றி இருக்கும் ஒருவர் மருந்தால் அவ்வாறு இருக்கின்றாரா, நோய் இயல்பாகவே தணிந்திருந்ததால் அவ்வாறு இருக்கின்றாரா என்பதை அறிய, அதே மனிதர் அதே காலத்தில் மருந்தின்றியும் வாழ்ந்து காட்ட வேண்டும். அஃது இயலாதது.

ஆகவே, 'பயன் பெறுவோர்', 'பயன் பெறாதோர்' என நோயாளிகளை இருவகையாகப் பிரித்து, அவ்விரு வகையினரின் குருதியில் வேறுபாடு தேடும் ஆய்வு ஒவ்வொன்றும் தொடக்கத்திலேயே ஒரு கருதலைத் தாங்கி நிற்கின்றது. மென்மையான நோய்ப்போக்கு உடையவரைப் 'பயன் பெற்றவர்' என்றும், கடுமையான நோய்ப்போக்கு உடையவரைப் 'பயன் பெறாதவர்' என்றும் அது பிறழ எண்ணிவிடக்கூடும். நோய்ப்போக்கைக் காட்டும் குறி வேறு. மருந்துப் பயனைக் காட்டும் குறி வேறு. முன்னது எம்மருந்தைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நோய் எவ்வாறு செல்லும் என்பதைச் சொல்வது. பின்னது இம்மருந்தைக் கொடுத்தால் மட்டும் நிகழும் மாற்றத்தைச் சொல்வது. இவ்விரண்டையும் பிரித்தறிய, அம்மருந்தைப் பெறாதோரையும் உடன்வைத்து ஒப்பிட வேண்டும். இவ்வேறுபாட்டை மறந்தால், கடும்நோய் உடைய ஒருவரிடமிருந்து அவருக்கு மிகவும் தேவையான மருந்தையே 'பயன்படாது' எனக் கூறிப் பறிக்க நேரிடும்.

மூவகைக் கருதலும் குருதிக் குறிகளும்

மணிமேகலையில் அளவைவாதி கருதலை மூவகையாகப் பகுக்கின்றான். அவை பொது, எச்சம், முதல் என்பன. காட்டில் யானையின் ஒலியைக் கேட்டு அங்கே யானை உண்டு என உணர்வது பொது. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேல்நிலத்தில் மழை பெய்தது எனத் துணிவது எச்சம். கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் என உரைப்பது முதல். எச்சத்தில் காரியத்தைக் கொண்டு காரணத்தை அறிகின்றோம். முதலில் காரணத்தைக் கொண்டு காரியத்தை அறிகின்றோம். பொதுவிலோ ஏதுவிற்கும் சாத்தியத்திற்கும் இடையே தவறாத தொடர்பு நிறுவப்படாத நிலையிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றை அறிகின்றோம். இன்று ஆய்வுக்கூடங்கள் தேடும் குருதிக் குறிகள் இம்மூன்றனுள் ஏதேனும் ஒன்றில் அடங்குவதைக் காணலாம்.

வெள்ளத்தை ஒத்தது நரம்பிழைப் புரதமாகிய நியூரோஃபிலமென்ட். இது எதிர்ப்பாற்றலின் குறி அன்று. எதிர்ப்பாற்றல் விளைத்த சிதைவின் எச்சம். நரம்பிழை சிதையும்போது இப்புரதம் வெளிப்பட்டு, மிகச் சிறிய அளவில் குருதியிலும் கலக்கின்றது. மருந்து தொடங்கியபின் அதன் அளவு குறைந்தால் சிதைவு தணிந்தது எனக் கருதலாம். ஆயின் வெள்ளம் மழை பெய்ததைச் சொல்லுமேயன்றி எந்த முகில் பொழிந்தது என்பதைச் சொல்லாது. வயது ஏறினாலும், வேறு நரம்பு நோய்கள் இருந்தாலும் இப்புரதம் உயரும். இதனாலேயே வயதிற்கும் உடற்பருமனுக்கும் ஏற்பத் திருத்திய அளவுகோல் ஒன்றைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2022இல் வகுத்தளித்தனர்.

முகிலை ஒத்தது மருந்தை முறிக்கும் எதிர்ப்பொருள். இன்டர்ஃபெரான் பீட்டாவைத் தொடர்ந்து பெறுவோருள் சிலரது உடல், அம்மருந்தையே அயற்பொருளாகக் கொண்டு எதிர்ப்பொருளை உண்டாக்குகின்றது. அவ்வெதிர்ப்பொருள் மருந்தைப் பற்றி முடக்குகின்றது. மருந்து செயல்பட்டால் குருதி அணுக்களில் உயரவேண்டிய எம்.எக்ஸ்.ஏ. என்னும் புரதம் அப்போது உயர்வதில்லை. இங்கே காரணமும் அது செயல்படும் வழியும் அறியப்பட்டுள்ளன. எனவே இக்கருதல் வலிமை உடையது. எனினும் முகில் கலைவதும் உண்டு. எதிர்ப்பொருள் குறைந்த அளவில் இருந்த சிலரிடம் அது பின்னர் மறைந்துள்ளது.

யானை ஒலியை ஒத்தவை பல. எதிர்ப்பாற்றல் அணுக்களின் எண்ணிக்கை, அவை சுரக்கும் செய்திப் புரதங்களின் அளவு ஆகியவற்றுள் ஏதோ ஒன்று, நன்கு இருப்போரிடம் ஒரு வகையாகவும் நலிவோரிடம் வேறு வகையாகவும் இருப்பது காணப்படுகின்றது. ஏன் அவ்வாறு என்பது தெளிவாவதில்லை. ஒலி கேட்கின்றது, யானையைக் கண்டாரில்லை. குருதிக் குறிகளைப் பற்றிய செய்திகளுள் பெரும்பாலானவை இவ்வகையின என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சான்று ஒன்று, துணிவு இரண்டு

மூவகையுள் வலிமை மிக்க முகில் வகைக் குறியைப் பற்றியே அறிஞர்கள் உடன்பட இயலவில்லை என்பது வியப்பிற்குரியது. டென்மார்க்கு நாட்டு நோயாளிகளை ஆராய்ந்த பெர் சோரென்சன் குழுவினர், முறிக்கும் எதிர்ப்பொருள் இருந்த காலத்தில் நோயாளிகளுக்குத் தாக்குதல்கள் மிகுந்திருந்ததை 2003இல் வெளியிட்டனர். 2005இல் ஐரோப்பிய நரம்பியல் சங்கங்களின் கூட்டமைப்பு, இன்டர்ஃபெரான் பெறுவோர்க்கு இவ்வெதிர்ப்பொருளைச் சோதிக்க வேண்டுமென வழிகாட்டியது. 2007இல் அமெரிக்க நரம்பியல் கழகம், எதிர்ப்பொருள் மருந்தின் பயனைக் குறைக்கக்கூடும் என்பதை ஏற்றது. ஆனால் எப்போது, எந்த முறையில் சோதிப்பது, எவ்வளவு இருந்தால் மருந்தை மாற்றுவது என வரையறுக்கப் போதிய சான்று இல்லை எனக் கூறிற்று.

இரு அமைப்பினரும் நோக்கியவை பெரும்பாலும் ஒரே ஆய்வுகளே. துணிவுகள் மட்டும் வேறாயின. ஒரு சாரார், பயனற்ற மருந்தைத் தொடர்வதால் வரும் இழப்பிற்கு அஞ்சினர். மற்றொரு சாரார், பயனுள்ள மருந்தைத் தவறாக நிறுத்துவதால் வரும் இழப்பிற்கு அஞ்சினர். எந்தப் பிழை பெரிது என்னும் வினாவிற்குக் குருதி விடை கூறாது. அது மனிதர் எடைபோட வேண்டிய வினா. 'சோதனை முடிவு இவ்வாறு கூறுகின்றது' என மருத்துவர் உரைக்கும்போது, அவ்வெடைபோடுதல் மறைந்து, முடிவு தானே நடந்ததைப் போலத் தோன்றிவிடுகின்றது. சோதனை ஓர் அளவைச் சொல்லும். செய்ய வேண்டியதைச் சொல்லாது. அளவிலிருந்து செயலுக்குச் செல்லும் அடி அறத்தின் அடியாகும். அதற்குப் பொறுப்பேற்பவர் ஒருவர் வேண்டும்.

மறுசோதனை என்னும் அறம்

யானை ஒலி வகைக் குறி ஒன்றின் வரலாற்றை அடுத்து நோக்கலாம். 2010இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இராபர்ட் ஆக்ஸ்டெல், லாரன்சு ஸ்டைன்மன் முதலியோர் கருத்தைக் கவரும் ஆய்வு ஒன்றை வெளியிட்டனர். எலிகளில் உண்டாக்கப்பட்ட ஒத்த நோயில், ஒருவகை டி அணுக்கள் நோயை விளைத்தபோது இன்டர்ஃபெரான் பீட்டா நன்மை செய்தது. வேறொரு வகை டி அணுக்கள் விளைத்தபோது நோயை மிகுவித்தது. இதனையொட்டி மனிதரிடமும் நோக்கியபோது, மருந்தால் பயன் பெறாதோருள் ஒரு பகுதியினரின் குருதியில் இன்டர்லூக்கின் 17எஃப் என்னும் புரதம் சிகிச்சைக்கு முன்னரே மிகுந்திருந்தது. ஆனால் ஆராயப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை சிறிது.

அப்புரதத்தை அளந்தே மருந்தைத் தேர்ந்துவிடலாம் என்னும் நம்பிக்கை அப்போது எழுந்தது. பின்னர், பெரிய மருத்துவ ஆய்வு ஒன்றில் சேமிக்கப்பட்டிருந்த குருதி மாதிரிகளைக் கொண்டு இது மீண்டும் சோதிக்கப்பட்டது. இன்டர்லூக்கின் 17எஃப் அளவு மட்டும் மருந்துப் பயனை முன்னறிவிக்கவில்லை என்பது 2013இல் வெளியிடப்பட்டது. அம்மறுசோதனைக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஸ்டைன்மனும் ஒருவர். தாம் எழுப்பிய நம்பிக்கையைத் தாமே சோதனைக்கு உட்படுத்தி, அது நிற்கவில்லை என்பதை உலகறிய உரைத்தல் எளிதான செயல் அன்று. உடன்பாட்டு முடிவைப் போலவே எதிர்மறை முடிவையும் வெளியிடுதல் ஆய்வாளரின் அறங்களுள் தலையாயது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகின்றது. 2010க்கும் 2013க்கும் இடையில், முதல் ஆய்வை மட்டும் நம்பி ஒருவருக்கு இன்டர்ஃபெரான் மறுக்கப்பட்டிருந்தால், அம்மறுப்பிற்கு அளவையியல் அடிப்படை ஏதும் இருந்திராது.

அறவண அடிகள் எடுத்துரைக்கும் ஏதுப் போலிகள் மூன்றனுள் அநைகாந்திகம் ஒன்று. அதன் வகைகளுள் முதலாவதாகிய சாதாரணம், நிறுவ விரும்பும் பொருள் உள்ள இடத்தும் அஃது இல்லாத இடத்தும் ஒருங்கே காணப்படும் ஏதுவைக் குறிக்கும். பயன் பெறுவோரிடமும் பெறாதோரிடமும் ஒருங்கே காணப்படும் புரதம் சாதாரணம் என்னும் போலியே. இரு குழுவின் சராசரிகள் வேறுபட்டாலும், தனியாட்களின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும்போது, தனியொருவரைப் பொறுத்தவரை அவ்வேது இருபுறமும் செல்வதாகவே முடிகின்றது.

ஒரு புரதம் போதாது எனக் கண்டபின் ஆய்வாளர்கள் பல குறிகளை ஒருங்கே நோக்கலாயினர். செருமனியின் முன்சுடர் பல்கலைக்கழகத்தார் தலைமையில் 2024இல் வெளியான ஆய்வு, சிகிச்சை தொடங்காத தொடக்கநிலை நோயாளிகளின் குருதி அணுக்களைப் பல கூறுகளாக அளந்து, எதிர்ப்பாற்றலின் அமைப்பால் அவர்களை மூன்று பிரிவினராக வகுத்தது. ஒரு பிரிவினரிடம் நரம்புச் சிதைவும் இயலாமையும் முன்னரே தோன்றின. மற்றொரு பிரிவினரிடம் அழற்சி மிகுந்திருந்தது. அவர்களது நோயை இன்டர்ஃபெரான் பீட்டா போதிய அளவு அடக்கவில்லை. ஒற்றை ஒலியைக் கேட்பதைவிட ஒலி, அடிச்சுவடு, முறிந்த கிளை ஆகிய அனைத்தையும் சேர்த்து நோக்குவதை ஒத்தது இம்முறை. அது முன்னேற்றமே. எனினும் கருதலின் வகை இங்கு மாறிவிடவில்லை. 2010ஆம் ஆண்டின் முடிவிற்கு வேண்டியிருந்த மறுசோதனை இதற்கும் வேண்டுவதே.

பலரைப் பற்றிய உண்மையும் ஒருவரது நிலையும்

குருதிக் குறி பயன்பாட்டிற்கு வந்து நிலைபெற்ற இடம் ஒன்று உண்டு. அது மருந்தின் பயனை அன்றி மருந்தின் தீங்கை முன்னறிவிப்பது. நேட்டாலிசுமாப் என்னும் ஆற்றல் மிக்க மருந்து 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மூளையின் வெண்பொருளைச் சிதைக்கும் பி.எம்.எல். என்னும் கொடிய நோய் சிலருக்கு வந்ததால் 2005இல் நிறுத்தப்பட்டு, 2006இல் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் வந்தது. அக்கொடிய நோய்க்குக் காரணம் பலரது உடலில் தீங்கின்றி உறையும் ஜே.சி. வைரசு. அவ்வைரசிற்கு எதிரான எதிர்ப்பொருள் குருதியில் உள்ளதா எனக் காணும் சோதனைக்கு 2012இல் ஒப்புதல் கிடைத்தது.

அவ்வாண்டில் வெளியான பகுப்பாய்வின்படி, எதிர்ப்பொருள் இல்லாதோர்க்கு இடர் ஆயிரத்திற்கு 0.09 அல்லது அதற்கும் குறைவு. எதிர்ப்பொருள் உடையவராய், எதிர்ப்பாற்றலை அடக்கும் பிற மருந்தை முன்னர்ப் பெற்றவராய், இம்மருந்தை 25 முதல் 48 மாதங்கள் வரை பெற்றவராய் இருப்போர்க்கு அது ஆயிரத்திற்கு 11.1. இடர் நூறு மடங்கிற்கு மேல் வேறுபடுகின்றது. இத்தகைய வேறுபாட்டைக் காட்டும் குறி அரிது. அது பல உயிர்களைக் காத்துள்ளது.

ஆயினும் இவ்வெண்ணையே மறுபுறம் திருப்பி நோக்குக. மிகுந்த இடர் உடைய பிரிவினர் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 989 பேருக்கு அந்நோய் வருவதில்லை. அவர்களுள் பலருக்கு அம்மருந்து நன்கு பயன்பட்டுக்கொண்டிருக்கலாம். முப்பது வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அம்மருந்தால் ஈராண்டாக நோயின் தாக்குதல் இன்றிப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். குருதிச் சோதனை அவரை இடர் மிக்க பிரிவில் சேர்க்கின்றது. 'நீங்கள் ஆயிரத்தில் பதினொருவரா, எஞ்சிய 989 பேருள் ஒருவரா?' என்னும் வினாவிற்கு விடை எவரிடமும் இல்லை. பதினொன்று என்பது பிரிவின் பண்பு. அவரது பண்பு அன்று. அவருக்கு ஒன்று வரும் அல்லது வராது. அவர் எவ்வளவு இடரை ஏற்க ஒப்புவார் என்பது, கால் மரத்து நடை தளர்ந்த நாள்களை அவர் எவ்வாறு நினைவுகூர்கிறார் என்பதையும், அவரை நம்பியிருப்போர் யார் என்பதையும் பொறுத்தது. அவ்வெடையைப் போடும் உரிமை முதற்கண் அவருடையதே. மருத்துவர் எண்ணையும் அதன் எல்லையையும் விளங்கவுரைத்து, தம் கருத்தையும் மறையாது கூறி, உடன்நிற்றல் வேண்டும்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் இவ்விடத்து நினைக்கத்தக்கது. நோயுற்றவரின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செய்யுமாறு மருத்துவரை அது பணிக்கின்றது. குருதிக் குறி இவற்றுள் நோயின் அளவை ஓரளவிற்குச் சொல்லலாம். காலத்தையும் சிறிது சொல்லலாம். நோயுற்றவரின் நிலையை அவரிடம் உரையாடியே அறிய வேண்டும். மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்காக அவ்வதிகாரம் பகுப்பதும் கருதத்தக்கது. குறியை மட்டும் நோக்கும் மருத்துவம் நான்கனுள் மருந்தை மட்டும் நோக்கும் மருத்துவமாகச் சுருங்கிவிடும்.

குறி கதவடைக்கலாமா?

இங்கு வலுவான தடை ஒன்று எழும். மருந்துகளின் விலை மிகுதி. பொதுப்பணத்திலோ காப்பீட்டுப் பணத்திலோ மருந்து வழங்கும்போது, பயன் பெறும் வாய்ப்புக் குறைந்தவருக்கு அதனை வழங்குவது, வாய்ப்பு மிகுந்த வேறொருவருக்கு அதனை மறுப்பதாகாதா? குறி முழு உறுதி தராவிடினும், குறியே இன்றிக் கொடுப்பதைவிட அது மேலன்றோ?

இத்தடையைப் புறந்தள்ள இயலாது. பற்றாக்குறை உள்ள இடத்தில் தேர்வு செய்யாமையும் ஒரு தேர்வே. எனினும் இருவகை மறுப்புகளை வேறுபடுத்திக் காண வேண்டும். 'இம்மருந்து உமக்குப் பயன்படும் வாய்ப்புக் குறைவு. ஆதலின் வேறொன்றைத் தொடங்குவோம்' என்பது ஒரு வகை. 'உமக்கு எம்மருந்தும் பயன்படும் வாய்ப்புக் குறைவு. ஆதலின் ஒன்றும் இல்லை' என்பது மற்றொரு வகை. முன்னதில் குறி வழியைத் திருப்புகின்றது. பின்னதில் கதவை அடைக்கின்றது. வழியைத் திருப்பியதில் பிழை நேர்ந்தால் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். கதவை அடைத்ததில் பிழை நேர்ந்தால், இந்நோயில் இழந்த நரம்பிழை மீளாதாகையால், திருத்தம் இல்லை. ஆகவே பிழை எந்த அளவிற்கு மீட்க முடியாததோ, அந்த அளவிற்குக் குறி வலிமை உடையதாய் இருத்தல் வேண்டும் என்பதை ஒரு நெறியாகக் கொள்ளலாம். யானை ஒலியைக் கேட்டு வேறு பாதையில் செல்லலாம். அவ்வொலியை மட்டும் நம்பி ஊரையே காலி செய்தல் தகாது.

இந்தியச் சூழலில் இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. சிகிச்சைச் செலவின் கணிசமான பகுதியைக் குடும்பங்களே சுமக்கும் நாடு இது. நிணநீர்ப் புற்றுநோய்க்கு உரியதாய் வந்த ரிட்டுக்சிமாப் மருந்தின் ஒப்புருவை இந்திய நிறுவனம் ஒன்று 2007இலேயே உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுவீடன் நாட்டில் தண்டுவட மரப்பு நோய்க்கு அம்மருந்து பரவலாக வழங்கப்படுகின்றது. 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் முதன்முறையாக இந்நோய்க்கென மருந்துகளைச் சேர்த்தபோது, அவற்றுள் ரிட்டுக்சிமாப்பும் இடம்பெற்றது. இம்மருந்து அழிக்கும் பி அணுக்கள் குருதியில் மீண்டும் தோன்றுகின்றனவா என எண்ணிப் பார்த்து, அடுத்த தவணையைத் தள்ளிவைக்கும் வழக்கம் சில மருத்துவர்களிடம் உண்டு. குருதிக் குறி ஏழை நோயாளிக்குத் துணைநிற்கும் வழி இது. அதே குறி, செலவைக் குறைக்க விரும்பும் அமைப்பின் கையில் மறுப்பதற்குரிய கருவியாகவும் ஆகலாம். கருவி ஒன்றே, அது யாருடைய நலனுக்காகப் பேசுகின்றது என்பதே வேறுபாடு.

மேலும், இங்கு எடுத்துக்காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க நோயாளிகளின் குருதியைக் கொண்டு நிகழ்ந்தவை. தொற்றுநோய்களும் உணவும் சூழலும் வேறான நாட்டில் எதிர்ப்பாற்றலின் இயல்பான அளவுகளும் வேறாக இருக்கக்கூடும். ஓர் ஊரின் முகிலைக் கொண்டு வகுத்த கணக்கை மற்றோர் ஊரின் வானத்திற்கு ஆராயாமல் பொருத்துவது பொருந்தாது. இந்திய நோயாளிகளின் குருதியைக் கொண்டு இக்குறிகளை ஆராய்வது அறிவியல் தேவை மட்டும் அன்று. நீதியின் தேவையும் ஆகும்.

முடிவுரை

அளவைவாதி அளவைப் போலிகளாக எட்டனைக் கூறுகின்றான். அவற்றுள் ஐயமும் தேராது தெளிதலும் அருகருகே வருகின்றன. தொலைவில் நிற்பது தறியா மகனா எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமல், நின்ற தறியை மகன் என்றே முடிவுகட்டுவது தேராது தெளிதல். இரண்டும் குறைபாடுகளே. குருதிக் குறிகளைப் பொறுத்தவரை இவ்விரு குறைபாடுகளும் நம்முன் உள்ளன. எக்குறியையும் நம்பாமல், ஒவ்வொரு நோயாளியையும் ஆண்டுக்கணக்கில் முயன்று தவறிக் கற்கவிடுவது ஒன்று. ஓர் எண் கையில் கிடைத்தவுடன் அதனைத் தீர்ப்பாகக் கொள்வது மற்றொன்று. ஆராயாது நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஒருங்கே நீங்காத துன்பம் தரும் என்பது திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரம் உணர்த்தும் கருத்து. அது வினைக்குரியாரைத் தேர்வது பற்றிக் கூறப்பட்டது. மருந்தைத் தேர்வதற்கும் பொருந்துகின்றது.

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. குருதிக் குறி தருவது காட்சி அறிவு அன்று, கருதல் அறிவே. அக்கருதல் பொது, எச்சம், முதல் என்பவற்றுள் எவ்வகையினது என்பதை அறிந்தே அதன்வழிச் செயல்பட வேண்டும். குழுவைப் பற்றிய உண்மை தனியொருவரைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. பிழை மீட்க முடியாததாகும் இடத்தில் குறியை மட்டும் கொண்டு கதவடைத்தல் அறமன்று. குறியை அறிந்தும் நோயாளியிடம் சொல்லாமையும், சொல்லும்போது அதன் எல்லையை மறைத்தலும் அவ்வாறே அறமல்ல.

ஒரு துளிக் குருதியிலிருந்து ஒருவரது வருங்காலத்தைப் படிக்கும் ஆற்றல் இனியும் வளரும், வளர வேண்டும். அது எவ்வளவு வளரினும், படித்ததை அவரிடம் எவ்வாறு சொல்வது, சொன்னபின் அவர் தேர்ந்ததை எவ்வாறு மதிப்பது என்னும் வினாக்கள் ஆய்வுக்கூடத்திற்கு வெளியிலேயே நிற்கும். அவற்றிற்கு விடைகூற வேண்டியவர் மருத்துவரும் நோயாளியும் அவரைப் பேணுவோருமே.